ஐந்து கிலோ தூளும் ஒற்றை ஆள் சமையலும்

ஐந்து கிலோ மிளகாய்த்தூளைச் சுமந்துகொண்டு அட்லாண்டிக்கைக் கடந்திருக்கிறேன். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. தோள் இன்னும் வலிக்கிறது.

ஜேர்மனியில் இருக்கும் மைத்துனனைப் பார்க்கப் போகிறேன் என்ற செய்தி ரொறன்ரோவில் நாங்கள் இருக்கும் ஸ்காபரோவில் பரவியதும், ஐந்து கிலோ தூள் பையோடு முதல் ஆளாக வந்தவர் குலம் அண்ணை. பகலில் அவர் வீட்டுக்குக் கீழே பேஸ்மன்ரில் மிளகாய்த்தூள் தயாராகும். மனைவி மலர் அக்கா வறுப்பார், அண்ணை அரைப்பார். இரவில் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி தூக்குகிறார். முதுகு போய்விட்டது. இனித் தூக்காதே என்று டொக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் வீட்டுக் கடனை, அந்த மோட்கேஜை, யார் கட்டுவது?

“அங்கை எங்கடை சனம் எவ்வளவு இருக்கு. ஒரு கடைக்காரன் ஓம் எண்டால் காணும், தம்பி. நான் இந்த நைற் ஷிப்ற்றை விட்டிடுவன்.”

சாம்பிளுக்குச் சின்னப் பக்கெற் போதாதா என்று கேட்டேன். கொஞ்சமாகக் கொடுத்தால் எங்களை யார் மதிப்பார்கள் என்றார். நம் ஆட்களுக்குக் கொடுப்பதென்றால் கை நிறைய வேண்டும்... சுமப்பவன் வேறு ஆளாக இருக்கும்வரை.

போய் இறங்கிய அன்றே மைத்துனன் என்னை சுப்பர்மார்க்கெற்றுக்கு இழுத்துப் போனான். ஆறரைக்கெல்லாம் கடைகளைப் பூட்டிவிடுவார்களாம். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வயதான பெண். கூடையில் பாதி ரொட்டி, கொஞ்சம் உருளைக்கிழங்கு, ஒரு ஆளுக்கான சூப் பக்கெற். அவருக்கு முன்னால் நின்றவர் கூடையிலும் ஏறக்குறைய அதேதான். குளிர்பெட்டிகளைப் பார்த்தால், நீளத்துக்கு ஒற்றை ஆள் சாப்பாடு.

மைத்துனன் விளக்கினான். இங்கே பிள்ளைகள் குறைவு, முதியவர்கள் அதிகம். பெண்களும் வேலைக்குப் போகிறார்கள், வீட்டுக்கு வந்து சமைக்க யாருக்கும் தெம்பு இல்லை. கிழக்கையும் மேற்கையும் பிரித்த சுவர் விழுந்த பிறகு, வேலை எப்போது போகுமோ என்ற பயம் வேறு. அதனால் நல்ல கார் வைத்திருப்பவனும், அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே சாமான் விற்கும் மலிவுக் கடைக்குத்தான் போகிறான்.

ஒரு நாடு என்ன சாப்பிடுகிறது என்பதை நாக்கா தீர்மானிக்கிறது? வீட்டில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு வேலை முடிகிறது, அடுத்த மாதமும் அந்த வேலை இருக்குமா - இவைதான் தீர்மானிக்கின்றன. ருசி கடைசியில் வருகிறது.

சரி, அது ஜேர்மன்காரர் கதை. எங்கள் சனம் அப்படியா? மறுநாள் தமிழ்க் கடைக்குப் பையைத் தூக்கிப் போனேன். கடைக்காரர் அதைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

“அண்ணை, இஞ்சை முக்கால்வாசியும் தனிப் பெடியள். ரெஸ்ரோரண்டிலை வேலை, சாப்பாடும் அங்கைதான். நூறு கிராம் பக்கெற்றே விக்குதில்லை.”

மைத்துனனிடம் விட்டுவிட்டு வரலாம் என்றால், நான்கு பேர் இருக்கும் அறையில் அவன் சாமான் வைக்க அலமாரியில் அரைத் தட்டுத்தான். திருப்பித் தூக்கினேன்.

ரொறன்ரோவில் இறங்கிய மறுநாள் பின்னேரம் குலம் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு பாரமான செய்தியை நான் யாருக்கும் கொண்டுபோனதில்லை. சின்னப் பக்கெற்றாகப் போட்டுப் பார்க்கலாமே என்று இழுத்தேன். மலர் அக்காதான் பேசினார்.

“ஜேர்மனியை விடும் தம்பி. இந்த வீட்டிலை ஆர் சேர்ந்திருந்து சாப்பிடுறது? மகள் மிசிசாகாவிலை. மகன் வரேக்கையே பீற்சாவோடைதான் வாறான். இவர் விடியத் தனியச் சாப்பிட்டிட்டுப் படுப்பார், நான் மத்தியானம் தனிய.”

அண்ணை எழுந்தார். ஷிப்ற்றுக்கு நேரமாகிவிட்டது. பூட்ஸைக் குனிந்து கட்ட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஃபிரிட்ஜின் மேல்கதவைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்தார். ஒற்றை ஆள் சாப்பாடு. வேறு மொழி, வேறு படம், அதே அளவு.

“உதை நீரே வைச்சிரும்,” என்றார், தூள் பையைக் காட்டி. கதவு மூடிக்கொண்டது.

பை இப்போது எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இரண்டே பேர்தான். உங்களில் யாருடைய வீட்டிலாவது எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களா? வந்து எடுத்துப் போங்கள்... ஆனால் எல்லோருமாகச் சேர்ந்து வர வேண்டும்.