எர்த்துக் குழி

விசிறி வந்துவிட்டது, அதைச் சொருகத்தான் வீட்டில் இடமில்லை. கூத்தாநல்லூரில் கடை வேலை பார்த்த மாமாவுக்கு, முதலாளி வீட்டில் கழித்துப் போட்ட மேசை விசிறி கிடைத்திருந்தது. அக்கா திருவாரூர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றிருந்தாள். சித்திரை வெயில். பச்சைப் பிள்ளையோடு அவள் வருவதற்குள் விசிறி ஓட வேண்டும். எங்கள் வீட்டில் இருந்ததோ ஒற்றை பல்பு.

பம்புசெட் மோட்டார் பார்க்கிறவர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் பிளக் பாயிண்ட் போட்டுவிடுவேன் என்றார். அப்பா ஒப்பவில்லை.

"லைசன்ஸ் உள்ள ஆளுதான் தொடணும். நாளைக்கு ஒருத்தன் வந்து குத்தம் சொல்லக் கூடாது. இது நம்ம எடம், நம்ம வீடு."

அப்பாவுக்கு அப்போது இந்தப் பேச்சுதான். பண்ணை நிலத்தில் குடிசை போட்டுக்கொண்டு பண்ணையிலேயே வேலை செய்தவர்கள் நாங்கள். குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டு, அப்பா பேருக்குப் பட்டாவும் வந்திருந்தது. பண்ணைக்காரர்கள் அதைக் கேள்விப்பட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அம்மாவும் அதை முழுசாக நம்பியதாகத் தெரியவில்லை.

லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் நன்னிலத்தில் இருந்தார். அப்பா போகும்போதெல்லாம் "நாளைக்குக் காலையில மொத வேலை உங்க வீடுதாண்ணே" என்பார். எந்த நாளைக்கு என்று மட்டும் சொல்ல மாட்டார். அப்பா வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருப்பார். அம்மா பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக வைப்பாள்.

ஒருவழியாக, அக்கா வரவேண்டிய அன்று காலையில் அவர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். டீ குடித்தார். மறுபடியும் சுவரைத் தட்டினார். கட்டை அடித்து, போர்டு மாட்டி, வயரை இழுத்துவிட்டு நிமிர்ந்தவர், "எர்த்து எங்கண்ணே?" என்றார்.

"அப்படின்னா?"

"ஷாக் அடிக்காம இருக்கத்தான். கொல்லையில நெஞ்சளவு குழி வெட்டணும். இரும்புக் குழாயை நிறுத்தி, சுத்தி கரியும் உப்பும் போட்டு மூடணும். எர்த்து இல்லாம பிளக் பாயிண்ட் குடுத்தா என் லைசன்ஸ் போயிடும்."

"உப்பா? ஊறுகாயா போடப் போறீங்க?" என்றாள் அம்மா. "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா தம்பி?"

"கேட்டாத்தானேக்கா சொல்லுவேன்."

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். அம்மா முகம் மாறியது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புறப்பட்டாள். தண்ணீருக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன். போனது பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரர் வீட்டுக்கு. எங்கள் தெருவில் முருங்கைக் கொம்பு நடுவதானாலும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் மண்ணைத் தொடுவார்கள். எனக்கு அது பெரியவர்களைக் கண்டால் வணக்கம் சொல்வதைப் போன்ற ஒரு மரியாதையாகத்தான் பட்டது.

அம்மா வேலிக்கு வெளியிலேயே நின்றாள். "ஐயா, கரண்டுக்காவ கொல்லையில ஒரு குழி வெட்டணுமாம்..."

"வெட்டுங்க, வெட்டுங்க. நான் வந்து பாக்குறேன்."

நாங்கள் திரும்பியபோது குழி ஆழமாகிவிட்டிருந்தது. குழாயை நிறுத்தி, வீட்டில் இருந்த உப்பு முழுவதையும் கொட்டி, கரியும் போட்டு மூடப்போகிற நேரத்தில் சைக்கிள் மணி கேட்டது. காரியக்காரர். விவசாயத் தொழிலாளர் சங்கம் வந்த பிறகு அவர் வாயில் 'டா' போய் 'ப்பா' வந்திருந்தது.

"என்னப்பா, வேலை நடக்குதா? உன் பொண்டாட்டி வந்து கேட்டுச்சு. சரி, வெட்டிக்கட்டும்னு சொல்லிட்டேன். பண்ணை ஐயாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். எலெக்ட்ரீஷியனுக்கோ சந்தோஷம். "அப்புறம் என்னண்ணே, பெரியவரே சொல்லிட்டாரு. மூடுங்க, நேரமாவுது."

அப்பா மூடத்தான் செய்தார். ஆனால் அதற்கு முன் குழாயை ஆட்டி ஆட்டி வெளியே பிடுங்கிப் போட்டார். பிறகு மண்ணை மளமளவென்று தள்ளி, காலால் மிதித்தார்.

"அண்ணே! அண்ணே! குழாய் இல்லாம மூடுறீங்களே, பைத்தியமா உங்களுக்கு?"

அப்பா அவரைக் கவனிக்கவில்லை. காரியக்காரரைப் பார்த்து, "நீங்க வெட்டச் சொன்ன குழிய மூடிட்டேன். போயிட்டு வாங்க" என்றார்.

அதே இடத்திலிருந்து நாலு எட்டு தள்ளிப் போய் மறுபடியும் மண்வெட்டியை ஓங்கினார். காரியக்காரர் சைக்கிளைப் பிடித்தபடியே, "சட்டம் பேசுறியா? பாப்போம் பாப்போம்" என்றார். அப்பா தலை நிமிரவில்லை. மண் மட்டும் வெளியே வந்து விழுந்துகொண்டிருந்தது. காரியக்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு எர்த்துக் குழி வெட்டின ஆளை நான் பாத்ததே இல்ல" என்று எலெக்ட்ரீஷியன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அதே மண்ணுதானேண்ணே!"

எனக்கும் அதே சந்தேகம்தான். உப்புக்காகத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான்தான். வெட்கத்தோடு கிண்ணத்தை நீட்டிய என்னிடம் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல், "எதுக்குடா இவ்வளவு உப்பு?" என்று கேட்டார்கள். மண்ணில் கொட்ட என்று எப்படிச் சொல்வது? அம்மாவோ கரியை உடைத்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் அக்கா பிள்ளையோடு வந்து இறங்கினாள். எலெக்ட்ரீஷியன் விசிறியைச் சொருகி சுவிட்சைப் போட்டார். விசிறி அசையவில்லை. பல்பையும் போட்டுப் பார்த்தார். ஊருக்கே கரண்டு இல்லை. "இதுக்கு நான் பொறுப்பில்லண்ணே" என்று பையைத் தூக்கிக்கொண்டார். போகும்போது, வெயில் காலத்தில் எர்த்துக் குழிக்குத் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார். அந்த வேலை என் தலையில் விழுந்தது. மறுநாள் கரண்டு வந்தது, விசிறியும் சுற்றியது, பிள்ளை தூங்கியது. அப்பாவும் அம்மாவும் மட்டும் பேசிக்கொள்ளவில்லை.

சில நாள் கழித்து அம்மா எங்கிருந்தோ ஒரு தென்னங்கன்று கொண்டுவந்தாள். அப்பா மூடிய குழியைத் தானே தோண்டி அதை நட்டாள். "உப்பு போட்ட குழி. தென்னைக்கு நல்லதுதான். வீணாவா போவணும்?" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டாள்.

கயிறு திரித்துக்கொண்டிருந்த அப்பா, "காரியக்காரர்ட்ட சொல்லிட்டியா?" என்றார்.

அம்மா கன்றைச் சுற்றி மண்ணை அணைத்தாள். கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "டேய், இதுக்கும் ஒரு குடம் ஊத்து" என்றாள் என்னிடம்.

அப்பா சத்தமாகச் சிரித்தார். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கும்படி இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு விசிறி சுற்றுவதற்கு நான் இரண்டு குழிக்குத் தண்ணீர் தூக்க வேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டே, காலிக் குடத்தோடு குளத்துக்கு நடந்தேன்.