அச்சில் ஏறிய என் பொய்

மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை காலையில், சேலத்திலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கிய அந்தப் பெண் குடையைத் தன் தலைக்குப் பிடிக்கவில்லை. மார்போடு அணைத்திருந்த காகிதக் கட்டுக்குப் பிடித்திருந்தார். ஏற்காடு ஒண்டிக்கடை முச்சந்தியைக் கடந்து என் கடை வாசலில் வந்து நின்றபோது அவருடைய பின்னல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காகிதத்தில் ஒரு பொட்டு ஈரமில்லை. மலைப்பாதை வளைவுகளில் குடல் புரண்டிருக்க வேண்டும், முகம் வெளுத்திருந்தது. என் மனைவி அவரை உட்காரவைத்துச் சுக்குக் காப்பி கொடுத்தாள். இரண்டு மிடறு உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்கண்ணா, ஒரு மாசத்துக்குக் கடையில எவ்வளவுங்க வருது?" என்பதுதான்.

சென்னையிலிருந்த ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்துக்காக ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களிடம் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்புவது அவர் வேலை. சேலத்துப் பெண். இருபத்தாறு வயது இருக்கும். நாங்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எனக்கு அவர் சர்வே அம்மணி. என் மனைவிக்கு இரண்டாம் நாளே 'கண்ணு' ஆகிவிட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. அதுவரை சினிமா கேசட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த நான், அதைக் கைவிட்டு வீடியோ கேம் கடை வைத்திருந்தேன். டோக்கன் போட்டால் ஓடும் பெட்டிகள் மூன்று. இரண்டு கம்ப்யூட்டர். டெலிபோன் கம்பியைக் கம்ப்யூட்டரில் செருகினால் அது கொஞ்ச நேரம் கீச்சிட்டு, கரகரத்து, மனது வைத்தால் இன்டர்நெட் வரும். வந்தால் எங்கேயோ இருக்கிற முகம் தெரியாத ஒருவரோடு விளையாடலாம். ஏரி பார்க்க வந்தவர்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "இங்கயுமா?" என்று வியந்துவிட்டுப் போவார்கள். அந்த வியப்பே எனக்குப் பாதி வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் எனக்குக் கம்ப்யூட்டர் விற்ற சேலத்து டீலர் ஒரு யோசனையோடு வந்தார். இன்னும் எட்டு கம்ப்யூட்டர் போட வேண்டும், மாடியை வாடகைக்கு எடுக்க வேண்டும், ஏற்காட்டில் ஆன்லைன் கேமுக்கென்றே முதல் கடையாக அது இருக்க வேண்டும். பணத்துக்கு பேங்க் கடன். கடனுக்கு ஈடாக, தலைச்சோலையில் என் மாமனார் காப்பி வைத்திருந்த ஒன்றரை ஏக்கர் நிலம். கூலிக்குப் போய்ச் சேர்த்த காசில் அவர் துண்டு துண்டாக வாங்கிய நிலம் அது. மறுக்க வாயில்லாத மனிதர், பட்டாவை மஞ்சள் பையில் போட்டு மகளிடம் கொடுத்துவிட்டார். அம்மணி வந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை கையெழுத்து என்று முடிவாகியிருந்தது.

எனக்குத் துணிச்சல் தந்தது டீலர் கொடுத்துவிட்டுப் போயிருந்த ஓர் அறிக்கை. வழவழப்பான தாளில், ஆங்கிலத்தில், வண்ணப் படங்களோடு அச்சிட்டிருந்தார்கள். இணைய விளையாட்டில் எந்த வகை ஊரில் ஒரு கடைக்கு எவ்வளவு வருமானம் என்று தூண் தூணாகப் போட்டிருந்தது. பெருநகரத்துக்கு ஒரு தூண், சின்ன நகரத்துக்கு ஒரு தூண். மலைச் சுற்றுலா ஊர்களுக்கான தூண்தான் எல்லாவற்றிலும் உயரம். என் கடையில் அவ்வளவு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அச்சடித்த தாள் பொய் சொல்லாது, என் கடையில்தான் ஏதோ கோளாறு, எட்டு கம்ப்யூட்டர் போட்டால் நாமும் அந்தத் தூணின் உயரத்துக்குப் போய்விடலாம் என்று நம்பினேன். நாளுக்கு இரண்டு தடவையாவது அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்ப்பேன்.

ஆகவே சர்வே அம்மணி கேட்டதும், அந்தத் தூணுக்குப் பொருத்தமாக ஒரு தொகையைச் சொன்னேன். அவர் எழுதவில்லை. பேனாவை மூடிக்கொண்டு கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். தான் வந்து முக்கால் மணி நேரமாகிறது, இதுவரை விளையாட வந்தது இரண்டு பேர், அதிலும் ஒருவர் சில்லறை மாற்றத்தான் வந்தார் என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மேசைக்குள்ளிருந்த அறிக்கையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அட்டையைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார். அது அவருடைய நிறுவனமே போட்ட அறிக்கை.

நான் திறந்து காட்டிய தூண் படத்தை அவர் பார்க்கவே இல்லை. நேராகக் கடைசித் தாளுக்குப் போனார். எறும்பு வரிசை மாதிரிப் பொடி எழுத்தில் ஏதோ அச்சாகியிருந்த அந்தத் தாளை நான் ஒரு நாளும் படித்ததில்லை. விரலை வைத்து வரி வரியாக இறங்கி, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"மலை ஊர்னு போட்ட இந்தத் தூணுக்கு ஒரே ஒரு கடையிலதாங்கண்ணா கேட்டிருக்காங்க. ஏற்காடுன்னு போட்டிருக்குது. ஒண்டிக்கடைப் பக்கம்."

ஒண்டிக்கடைப் பக்கம் இன்டர்நெட் வைத்திருந்த கேம் கடை என்னுடையது மட்டும்தான்.

முந்தைய வருடம் ஒரு பையன் இதே மாதிரிப் படிவத்தோடு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. டீலர் பக்கத்திலேயே உட்கார்ந்து எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் குறைத்துச் சொல்ல வாய் வரவில்லை. மே மாதத்தில் நன்றாக ஓடிய ஒரு சனிக்கிழமையை எடுத்து முப்பதால் பெருக்கிச் சொன்னேன். அதில் ஆன்லைன் கேமுக்கு எவ்வளவு என்று கேட்டதற்குப் பாதிக்கு மேல் என்றேன். அந்தப் பையன் அதைப் பன்னிரண்டால் பெருக்கினான். சென்னையில் யாரோ அதை எல்லா மலை ஊருக்கும் பொதுவாக்கினார்கள். கடைசியில் அது வண்ணத் தூணாகி, டீலரின் பைக்குள் ஏறி, மலையேறி, என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. நானும் அதைப் படித்துவிட்டு மாமனாரின் நிலத்தை அடகு வைக்கக் கிளம்பியிருக்கிறேன்.

இதை நான் விழுங்கி விழுங்கிச் சொல்லி முடித்தபோது என் மனைவி காப்பித் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நின்றாள்.

"அப்ப இவுரு சொன்ன பொய்யில இவுரே உழுந்துட்டாருங்களா?"

கோபப்படுவாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. சர்வே அம்மணியும் சேர்ந்துகொண்டார். அவமானத்தில் சூடேறிய முகத்தோடு உட்கார்ந்திருந்த எனக்கும் ஒரு கட்டத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டது. சில்லறை மாற்ற வந்த இன்னொருவர் எங்கள் மூவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் அம்மணி தன் சங்கடத்தைச் சொன்னார். ஒரு கடைக்கு இருபது நிமிடம்தான் கணக்கு. போன வருடத் தொகையோடு ஒத்துப்போனால் படிவம் அப்படியே ஏறிவிடும். குறைந்தால், தவறு என்று சிவப்புப் பேனாவில் வட்டமிட்டுத் திரும்பி வரும். அப்படித் திரும்பினால் வேலை தெரியாதவர் என்று பெயர். அவருடைய சம்பளத்தில்தான் தம்பி படித்துக்கொண்டிருந்தான். நானே சொன்ன பெரிய தொகையை எழுதிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிப் போயிருக்கலாம். அவர் கேட்டது வேறு.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்க உக்காந்து எண்ணிக்கட்டுங்களாண்ணா? நெசம் என்னன்னு உங்களுக்கும் தெரியோணும், எனக்கும் தெரியோணும்."

லாட்ஜுக்குப் போக வேண்டாம், நம்ம வீட்டுலயே தங்கிக்கொள்ளட்டும் என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

அந்த மூன்று நாள் மாதிரி சந்தோஷமான நாட்களை அந்தக் கடை பார்த்ததில்லை. மேசை மேல் மூன்று தம்ளர்களை வரிசையாக வைத்தார் அம்மணி. காசு கொடுத்து விளையாடுபவர்களுக்கு ஒன்று, வேடிக்கை பார்ப்பவர்களுக்கு ஒன்று, மழைக்கு ஒதுங்குபவர்களுக்கு ஒன்று. ஆள் உள்ளே நுழைந்ததும் என் மனைவி அவர் முகத்தைப் பார்த்தே எந்தத் தம்ளர் என்று தீர்மானித்து ஒரு காப்பிக்கொட்டையைப் போடுவாள். பெரும்பாலும் தப்பவில்லை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் மழைத் தம்ளர் நிரம்பிவிட்டது. சனிக்கிழமை பள்ளி விடுதிப் பையன்கள் கும்பலாக வந்தபோது என் நெஞ்சு நிமிர்ந்தது. பதினைந்து பேர். விளையாடியது நான்கு பேர். மற்ற பதினோரு பேரும் அந்த நால்வரின் தோளில் தொங்கிக்கொண்டு, இடது, வலது, குதி என்று இலவசமாகக் கத்திவிட்டுப் போனார்கள். இத்தனை நாளும் அந்தச் சத்தத்தைத்தான் நான் வியாபாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆன்லைன் கேம் என்று கேட்டு வந்தவர் மூன்று நாளில் ஒரே ஒருவர். ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். எங்கோ கடல் தாண்டி இருந்த ஒருவரோடு சதுரங்கம் ஆடுவார். வெட்டும் நேரம் பார்த்து இணைப்பு அறுந்துவிடும். அவர் கோபப்படாமல், "பாவம், அவரு என்னையக் காணோமேன்னு தேடிட்டு இருப்பாருங்க" என்பார். கம்ப்யூட்டருக்கு உண்மையில் காசு கொடுத்தவர்கள் விளையாட வந்தவர்களே அல்ல. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் துபாயிலிருந்த மகனுக்கு இ-மெயிலில் கடிதம் அனுப்ப வந்தார். நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போன மகளின் புகைப்படம் வந்திருக்கிறதா என்று பார்க்க, மாதா கோயில் பூசை முடிந்த கையோடு ஓர் அம்மா தலை முக்காட்டை எடுக்காமலே வந்தார். படம் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கியது. நெற்றி வந்தது, கண் வந்தது. வாய் தெரிகிற வரைக்கும் நாங்கள் எல்லோரும் திரையைச் சுற்றிக் குனிந்து நின்றோம். சிரித்த வாய்தான். அந்த அம்மா எழுந்து எங்கள் மூன்று பேர் கையையும் பிடித்துக்கொண்டார். எந்தத் தம்ளரில் கொட்டையைப் போடுவது என்று என் மனைவிக்குத் தெரியவில்லை. அம்மணி நான்காவதாக ஒரு தம்ளரை எடுத்து வைத்தார்.

ஞாயிறு மாலை மூன்று நாள் வரவைக் கூட்டி, வருடக் கணக்காக்கிப் பார்த்தபோது, உண்மையான வரவு அறிக்கையில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. ஆன்லைன் கேமில் வந்தது வாத்தியாரின் காசு மட்டும்.

திங்கட்கிழமை டீலர் ஜீப்பில் வந்து இறங்கினார், பேங்க் காகிதங்களோடு. கடன் வேண்டாம் என்றேன். அவர் பதறவில்லை. பொறுமையாக அறிக்கையை விரித்தார்.

"என்னங்க இது, ரிப்போர்ட்டே சொல்லுதுங்க."

"அந்த ரிப்போர்ட்டே நாந்தானுங்க."

அம்மணி கடைசித் தாளைத் திருப்பிக் காட்டினார். டீலர் இரண்டு தடவை படித்தார். என்னை ஏமாற்ற வந்தவர் என்று அவரை அந்த மூன்று நாளும் மனதுக்குள் திட்டியிருந்தேன். அது தப்பு. அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. அதே தூணை நம்பி அவரும் சேலத்தில் ஒரு கிடங்கு நிறைய கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருந்தார். நான் பொய் சொன்னபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மனிதர், அச்சில் வந்ததும் அதையே மெய் என்று நம்பியிருக்கிறார். என் மனைவி அவருக்கும் ஒரு சுக்குக் காப்பி கொடுத்தாள். குடித்து முடித்ததும், முன்பணம் கொடுத்ததற்கு மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று தந்தி ஆபீஸுக்கு ஓடுகிறவர் மாதிரி கடையிலேயே டெலிபோன் இருப்பதை மறந்து பூத்துக்கு ஓடினார். அன்று நிறுத்த முடிந்ததால்தான் தன் கடை பிழைத்தது என்று பின்னால் பல பேரிடம் சொல்லியிருக்கிறார். பட்டா அன்று மாலையே மஞ்சள் பையோடு தலைச்சோலைக்குத் திரும்பியது. மாமனார் உள்ளே போய் ஒரு கூடை ஆரஞ்சு எடுத்து வந்து வைத்தார்.

அம்மணி கிளம்பும்போது படிவத்தில் உண்மைத் தொகையை எழுதி, அதோடு தன் கையெழுத்தில் ஒரு தாளை இணைத்தார். மலை ஊர்களின் கணக்கு ஒரே கடையை நம்பி நிற்கிறது, அந்தக் கடைக்காரரும் மிகையாகச் சொன்னதை ஒப்புக்கொண்டுவிட்டார் என்ற தாள். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விட்டால் என்ன செய்வாய் என்று என் மனைவி கேட்டாள். போனால் உங்க ஊட்டுக்கே வந்து கொட்டை எண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

இப்போது ஆளுக்கொரு கைபேசி. பஸ்ஸில், ஏரிக்கரையில், எங்கே பார்த்தாலும் விளையாடுகிறார்கள். இணைய விளையாட்டின் வருமானம் இத்தனை கோடி என்று செய்தித்தாளில் வரும்போது, பொய் என்று நான் சொல்லமாட்டேன். எத்தனை கடையில் கேட்டார்கள் என்றுதான் தேடுவேன். பெரும்பாலும் அதைப் போட்டிருக்கமாட்டார்கள். என் கடை அதன் பிறகு கடிதம் அனுப்பும் கடையாகி, ஒரு கம்ப்யூட்டர் கூடி, எங்களை நன்றாகவே வாழவைத்தது.

அம்மணி அன்று பஸ் ஏறிப் போன பிறகு ஏழெட்டு மாதம் சத்தமே இல்லை. வேலை போய்விட்டது என்றே முடிவு செய்து, அந்தப் பாவம் என் தலையில்தான் என்று புழுங்கிக்கொண்டிருந்தேன். காப்பிப் பழம் பறிக்கிற பருவத்தில், நல்ல வெயில் நாள் ஒன்றில், கையில் இனிப்புப் பெட்டியோடு வந்து இறங்கினார். அந்தத் தாளைப் படித்த நிறுவனத்துப் பெரியவர் அவரைச் சென்னைக்கே கூப்பிட்டாராம். பயந்துகொண்டே போனவரை, இனி எல்லா ஊர்ப் படிவங்களையும் சரிபார்க்கிற பொறுப்பில் உட்காரவைத்துவிட்டாராம். தம்பிக்கும் படிப்பு முடிந்திருந்தது.

புதிய அறிக்கையும் கொண்டு வந்திருந்தார். அதே வழவழப்பான தாள், அதே வண்ணத் தூண்கள். மலை ஊர் என்ற இடத்தில் மட்டும் தூண் இல்லை. வெறும் கட்டம். அதற்குள் சின்னதாக ஏதோ அச்சாகியிருந்தது. என் மனைவி அது என்னவென்று கேட்டாள். "போதிய தகவல் இல்லைன்னு போட்டிருக்குதுங்கக்கா" என்றார் அம்மணி.

என் மனைவி தாளை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அந்த வெற்றுக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம கடையப் பத்தி இப்பத்தான் கண்ணு நெசத்த அச்சடிச்சிருக்காங்க" என்றாள்.