கப்பல்ல வருது

எங்கள் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் பாதி மெஷின்கள் செத்துக் கிடந்தன. ஓடியவற்றுக்கும் யுபிஎஸ் பேட்டரி கிடையாது. எப்போது கேட்டாலும் லேப் பொறுப்பாளர், "கப்பல்ல வருது" என்பார். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்தமானில் அதற்கு மேல் என்ன பேசுவது? அரிசி முதல் சிமெண்ட் வரை எல்லாம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில்தானே வருகின்றன.

செய்முறைத் தேர்வன்று கரண்ட் போனது. லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த என் நண்பனின் புரோகிராம் அழிந்தது. கரண்ட் வந்ததும் மறுபடி எழுதினான். முடிக்கும் நேரத்தில் மறுபடி போனது.

"சார், பேட்டரி?" என்றான்.

பொறுப்பாளர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போலா நா, சொன்னேன்ல, கப்பல்ல வருது."

அவன் கீபோர்டைப் பிடுங்கி மானிட்டரில் ஓங்கி அடித்தான். திரை பிளந்தது. தடுக்கப் போன என் உதடு அவன் முழங்கை பட்டுக் கிழிந்தது. பொறுப்பாளர் பாய்ந்து வந்து அவனைக் கன்னத்தில் அறைந்தார். அவன் அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். வகுப்பே சேர்ந்து இழுத்த பிறகுதான் அவர் மூச்சு விட்டார்.

சத்தம் கேட்டு முதல்வர் ஓடி வந்தார். உடைந்த மானிட்டரைப் பார்த்துவிட்டு அவனிடம் கத்தினார்.

"உங்க அப்பா எங்கடா? இப்பவே வரணும்."

அவன் வாயிலிருந்த ரத்தத்தைத் தரையில் துப்பினான்.

"கப்பல்ல வருவாரு, சார்."