ரொட்டி சுடும் வீட்டில் யாருக்கு ஜுரம்?

ஆம்பூரில் எங்கள் தெருப் பெண்கள் சொல்வார்கள்: "கல்யாணத்துக்கு பிரியாணி, காய்ச்சலுக்கு ரொட்டி." ரொட்டி பாக்கெட்டோடு பஸ் ஏறினால் போதும், "வேலூர் ஆஸ்பத்திரிக்கா? யாருக்கு?" என்று பக்கத்து சீட்டிலேயே விசாரணை தொடங்கிவிடும். இதெல்லாம் தெரிந்தும் வீட்டுக்குள் ரொட்டி மிஷினை வைக்க விட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் அது. என் வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஆர்டர் கொடுக்க வந்து தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது அதை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிசைவதும் அதுவே, பொங்கவிடுவதும் அதுவே, சுடுவதும் அதுவே. எனக்கு முதல் நாளே அதன்மேல் நம்பிக்கை இல்லை. தண்ணீர், எண்ணெய், உப்பு, சர்க்கரை, மைதா, மேலே ஒரு ஸ்பூன் ஈஸ்ட், அவ்வளவுதான். ஈஸ்ட் கேட்டபோது பேக்கரிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வூட்ல இன்னாம்மா காய்ச்சப் போறீங்க?"

காய்ச்சவில்லை, வாரத்தில் இரண்டு மூன்று தரம் சுட்டோம். வாசனை தெருமுனை வரை போனது. எதிர்வீட்டு அக்கா ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "யாருக்கும்மா முடியல?" என்றாள்.

"யாருக்கும் இல்லக்கா."

"சரி, சொல்ல வேணாம்னா வேணாம். மறைச்சா நோவு கம்மியாயிடுமா?"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அப்போது என் நாத்தனாருக்குக் குடியாத்தத்தில் வரன் அமைந்திருந்தது. இரண்டு பக்கமும் பிடித்துப்போய், தேதி குறிப்பதுதான் பாக்கி. திடீரென்று அங்கிருந்து பேச்சே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா மட்டும் ஒயர்க்கூடையில் ஆரஞ்சோடு வந்து இறங்கினார். வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டுச் சாக்குத் தேடி வந்திருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

"இப்ப எப்டி இருக்கு?" என்றார்.

"எதும்மா?"

"உன் நாத்தனாருக்குத்தான். ரொட்டியும் பாலும்தான் எறங்குதாமே."

அவளுக்கு ஒன்றுமில்லை, ரொட்டி வீட்டிலேயே சுடுகிறோம் என்று சொல்லி மிஷினைக் காட்டினேன். அந்தம்மா மூடியைத் திறந்து, மூடி, தட்டிப் பார்த்தார். "இந்தப் பொட்டி ரொட்டி போடுமா? போடு, பாக்கறேன்."

எல்லாவற்றையும் அளந்து போட்டு பட்டனை அமுக்கினேன். நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மிஷின் கடகடவென்று பிசைந்தது, நின்றது.

"நின்னுபோச்சே?"

"மாவு ஊறுதும்மா."

"ஊறுதோ, உசுரு போச்சோ."

எனக்கும் அதே பயம்தான். இன்றைக்குப் பார்த்து இது காலை வாரினால் கல்யாணமும் போகும். கதவோரம் நின்றிருந்த நாத்தனார், "அண்ணி, கறி நான் வெக்கறேன்," என்று விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள்.

மத்தியானம் ரொட்டி வெந்து வந்தது. அந்தம்மா கவிழ்த்துப் பார்த்தார். "அடியில இன்னா ஓட்டை?"

"மாவு பிசையற தகடு அங்கதான் இருக்கும்மா."

நாத்தனார் வந்து உட்கார்ந்தாள். சூடாகப் பிய்த்து, ஆட்டுக்கறிக் குழம்பில் தோய்த்து, அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே பாதி ரொட்டியைத் தீர்த்தாள். மிளகாயைக்கூட ஒதுக்கவில்லை.

"சீக்குக்காரி இப்டித் துன்ன மாட்டா," என்று அந்தம்மா முதல்முறையாகச் சிரித்தார். எழுந்து செருப்பை மாட்டும்போது உள்ளறையில் இருமல் கேட்டது. ஷிப்மெண்ட் வேலை முடித்து விடிந்தபின் வந்து படுத்திருந்த என் வீட்டுக்காரர்.

செருப்பு கழன்றது. "அது யாரு?"

"அவரும்மா. கம்பெனில லெதர் தூசு ஜாஸ்தி..."

"ஓகோ. அப்ப ரொட்டி அவருக்கா?"

ஓடிப்போய் அவரை உலுக்கி எழுப்பினேன். லுங்கியோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவரிடம் அந்தம்மா, "உக்காருங்க தம்பி, நீங்களும் கறியத் தொட்டுத் துன்னுங்க," என்றார்.

ஒன்றும் புரியாமல் அவர் சாப்பிட்டார். இரண்டாம் முறை குழம்பு கேட்ட பிறகுதான் அந்தம்மா சொன்னார், "வர்ற ஞாயித்துக்கெழம பெரியவங்களோட வர்றோம். தேதி வெச்சுடலாம்."