டவுசர் பையும் கடலை உருண்டையும்

தாம்பரம் ரயில் நிலையத்து எடை மிஷினிலிருந்து விழுந்த ஓர் அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். எடை மங்கி அழிந்தேபோய்விட்டது. பலன் மட்டும் நன்றாகத் தெரிகிறது: கடல் கடந்து செல்வீர்கள், கீர்த்தி பெறுவீர்கள். அட்டைக்குச் சொந்தக்காரனான என் தம்பி கேளம்பாக்கத்தைத் தாண்டிக் குடியேறியதில்லை. கீர்த்தி விஷயத்தில் மட்டும் மிஷின் பொய் சொல்லவில்லை என்பேன்.

அறுபதுகளின் கடைசி அது. தம்பிக்கு ஐந்து வயது, அக்காவான எனக்குப் பத்து. அவனுக்குப் பிரைமரி காம்ப்ளெக்ஸ், அதாவது குழந்தைகளுக்கு வரும் காசநோய், என்று சொல்லிவிட்டார்கள். மருந்து பாதிதான், மீதி சாப்பாடு என்றார் டாக்டர். தம்பியோ தட்டைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வான். அம்மா பல்லாவரத்தில் ஆசிரியை. ஒரு வகுப்பையே ஒரு பார்வையில் அடக்குகிறவள், இந்த ஒற்றை வாயிடம் தினமும் தோற்றாள். கடைசியில் டாக்டர், "அடுத்த மாசம் வரும்போது எடை ஏறலைன்னா வார்டுல சேர்த்துடலாம்மா" என்று சொல்லிவிட்டார். அந்த வார்டில் பெற்றவர்களை ராத்தங்க விடமாட்டார்கள். அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

அப்பாவுக்கு ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை. நாள் முழுக்க ஊரார் மூட்டைகளை எடை போடுகிறவர், பெற்ற பிள்ளையைப் போடாமல் இருப்பாரா? அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் எங்களைப் பிளாட்பாரத்துக்கு அழைத்துப் போனார். விளக்குகள் மின்னின, சக்கரம் சுற்றியது, அட்டை விழுந்தது. அப்பா அதைப் படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். எடை ஏறியிருந்தது! தம்பியை இறங்கச் சொல்லிக் கையை நீட்டினார். அவன் குதித்தான். டவுசர் இடுப்பை விட்டு நழுவி முழங்காலுக்கு வந்தது. இரண்டு பையிலிருந்தும் தண்டவாளத்து ஜல்லிக் கற்கள் கடகடவென்று பிளாட்பாரத்தில் உருண்டன.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், புள்ள கல்லு துன்னுகினு கீறானா?"

அப்பா சிரிக்கத்தான் ஆரம்பித்தார். அதற்குள் தம்பி, "என்னை வார்டுல வுட்டுட்டு வந்துடாதீங்கப்பா" என்று அழுதுவிட்டான். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து அவனை மடியில் இழுத்துக்கொண்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். தம்பியைப் பற்றி அம்மாவிடம் கோள் சொல்லக் காத்திருந்த நான், கற்களைப் பொறுக்கித் தண்டவாளத்திலேயே போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அப்பா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பாரம் ஏத்தணும்னு அவனுக்கே தோணிடுச்சு. எதை ஏத்தறதுன்னுதான் தெரியல." மறுநாள் சாயங்காலம், வெந்நீர்கூட வைத்தறியாத அந்த மனிதர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தார். கடலையை வறுத்து எங்கள் முன்னால் கொட்டினார். நானும் தம்பியும் தேய்த்துத் தேய்த்துத் தோலை ஊதினோம். வீடெல்லாம் தோல் பறந்தது. அதற்குள் வெல்லப் பாகு முறுகி, கொட்டிய கடலையோடு வாணலியில் இறுகிவிட்டது. தம்பி கரண்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுவும் கல்லுதான்" என்றான். வாணலியைக் கிணற்றடியில் ஊறவைத்துவிட்டு நாங்கள் மூவரும் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தோம். அம்மா வந்து வாணலியைத் தேடினாள். மூவரும் கிணற்றடிப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டோம்.

அடுத்த முறை அம்மா பரீட்சைத் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "பாகைத் தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. உருட்ட வந்தா இறக்குங்க" என்றாள். உருட்ட வந்தது. கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் "ஆ, ஊ" என்று கத்தியபடி பிடித்தோம். தம்பியின் உருண்டைகள் நெல்லிக்காய் அளவைத் தாண்டவில்லை. அப்பா அவனை முக்காலியில் உட்கார வைத்து, "செக் பண்ணாம எந்தப் பார்சலும் இங்கேர்ந்து போகாது. நீங்கதான் சார் செக்கர்" என்றார். சார் என்ற சொல்லுக்கே அந்த வாய் திறந்துவிட்டது. கண்ணை மூடி, மென்று, யோசித்து, "பாஸ்" என்றான். அவன் தலையசைத்த பிறகுதான் எங்களுக்குக் கிடைக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தாலும் காத்திருப்பேன்.

பிறகு தினமும் ஒன்று. ஈரத்துணியில் கட்டிய பச்சைப்பயறு முளைத்துவிட்டதா என்று விடிந்ததும் அவிழ்த்துப் பார்ப்பது அவன்தான். அவலில் தேங்காயும் வெல்லமும் போட்டுப் பிசைந்தான், எள்ளுருண்டை பிடித்தான். செக்கர் வேலையின் சூட்சுமமும் அவனுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. "இது சரியாத் தெரியலப்பா. இன்னொண்ணு பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்பான். அப்பா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு அடுத்ததை நீட்டுவார். அம்மா முதுகைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

மறு மாதம் டாக்டரின் தராசில் முள் நகர்ந்து நின்ற இடத்தைப் பார்த்து அம்மா என் கையை நெரித்தே விட்டாள். "வார்டெல்லாம் வேணாம். அப்படி என்னம்மா குடுத்தீங்க?" என்றார் டாக்டர். அம்மா அப்பாவைக் காட்டினாள். அப்பா தம்பியைக் காட்டினார். "நான்தான் செஞ்சேன்" என்றான் தம்பி.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஸ்டேஷனுக்குத்தான் போனோம். மிஷினில் ஏறுவதற்கு முன் தம்பி தன் டவுசர் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துவிட்டு, பிளாட்பாரம் முழுக்கப் பார்க்கட்டும் என்று ஒரு சுற்றுச் சுற்றினான். விளக்குகள் மின்னின, அட்டை விழுந்தது. "அப்பா, கல்லு இல்ல! அத்தனையும் நான்தான்!" என்று கத்தினான். அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார், ஆபீஸ்காரர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல். "ஷோக்கா கீதுபா!" என்றார் டீக்கடைக்காரர். அட்டை தொலைந்துவிடாமல் என் பைபிளுக்குள் வைத்தேன்.

இப்போது தம்பிக்குத் தொந்தி. எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் உத்தரவு. போன மாதம் கேளம்பாக்கத்தில் அவனோடு நானும் கிளினிக்குக்குப் போயிருந்தேன். அட்டையும் தராது, பலனும் சொல்லாது அங்கிருந்த மிஷின். தம்பி போனையும் சாவிக்கொத்தையும் மேஜைமேல் வைத்தான். பிறகு பேன்ட் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துவிட்டான். "பரவால்ல சார், அப்படியே ஏறுங்க" என்றாள் நர்ஸ் பெண். ஏறினான். எண்ணைப் பார்த்து அவள், "சார், என்ன சார் இது!" என்று பதறினாள்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஐந்து வயதுச் சிரிப்பு.

"அக்கா, கல்லு இல்ல. அத்தனையும் நான்தான்."