எலிசியோவின் கடிகாரமும் என் வெள்ளைக் காலணியும்

எலிசியோ பாகா, நெருப்பில் சுட்ட உள்ளங்கை நீளப் பச்சை மிளகாய்க்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், மடியில் அலுமினியக் கிண்ணம், விரலெல்லாம் கருகிய தோல். முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டிருந்தார். இடது மணிக்கட்டு எப்போதும் போல வெறுமை.

அவருடைய நுரையீரல் கெட்டதிலிருந்து காலையில் வந்து மாலையில் போகிறவள் நான். பெயர் எர்லிண்டா. முதியோரைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவள். எனக்கே முதியோர் வயது வந்த பிறகும் வேலையை விடவில்லை. சும்மா உட்கார்ந்தால் என் முட்டிகள் என்னிடம் புகார் சொல்ல ஆரம்பித்துவிடும்.

காபிக் கடை பெர்னிஸ் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"கேட்டியா எலிசியோ? நம்ம படத்த மறுபடி எடுக்கப் போறாங்களாம். இங்கயே. அதே தெருவுல."

"எதுக்காம்? ஒரு தடவ கெடுத்தது போதாதா?"

"கெடுத்தது யாரு? நீதானே!" என்று சிரித்தவள், ஒரு மிளகாயை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று, "ஆமா, மணி என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எங்கள் ஊரான சான் லிபோரியோவில் வெயிலும் செம்மண்ணும்தான் விளைச்சல். அதனால் ஒரு காலத்தில் கௌபாய் படம் எடுக்க வந்தார்கள். எலிசியோ அப்போது இளைஞர். வில்லன் கூட்டத்தில் ஒருவராக நிறுத்தி, சாராயக் கடைப் படிக்கட்டில் சுட்டுத் தள்ளினார்கள். அவர் உருண்டு விழுந்தபோது சட்டைக் கை மேலே ஏறிவிட்டது. குதிரை வண்டிக் காலத்துக் கதையில், செத்தவன் கையில் பளபளவென்று ஒரு கைக்கடிகாரம்.

அதற்கு முந்தின வாரம்தான் ரமோனா அதைக் கட்டிவிட்டிருந்தாள், கல்யாணம் பேசி முடித்த கையோடு. "கழட்டச் சொன்னவன் யாரோ ஒருத்தன். கட்டினது அவ. நான் யார் பேச்சக் கேக்கணும்?" என்பார். சட்டைக்குள் தள்ளி மறைத்துவிட்டால் போதும் என்று நினைத்திருக்கிறார்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் தீயணைப்பு நிலையச் சுவரில் அந்தப் படத்தைப் போடுவோம். நாற்காலியை அவரவர் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டும். எலிசியோ விழுகிற இடத்தில் ஊரே சேர்ந்து கத்தும்: "எலிசியோ, மணி என்ன?" அதில் என் தொண்டைதான் பெரியது என்று பெயர்.

படம் வெளியான அன்றே அவர் கடிகாரத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். பிறகு தபால்காரர் ஆனார். கடிதம் கொடுக்கப் போன வாசலில் எல்லாம் மணி கேட்டார்கள். ரமோனாவை அடக்கம் செய்த அன்று, கல்லறை வாசலில் கை குலுக்க வந்த ஒருவர் பழக்கத்தில் மணி கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எலிசியோ அவர் கையைக் குலுக்கிவிட்டு நடந்தார். அதன் பிறகு ஆகஸ்ட் திரையிடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

புதுப்படத்தின் இயக்குநர் ஹாலி வீடு தேடி வந்தாள். ஒல்லியான பெண். தொப்பி மட்டும் பெரியது.

"அதே ஆளு, அதே படிக்கட்டு. இந்தத் தடவ வயசான வில்லன். நடிக்கிறீங்களா ஐயா?"

எலிசியோ யோசிக்கவே இல்லை. "கையில ஒண்ணுமில்லாமச் சாகணும். ஒரே ஒரு தடவ ஒழுங்காச் செத்துட்டேன்னா, அப்புறம் நெஜமாச் சாகுறதப் பத்தி எனக்குக் கவலையே இல்ல."

டாக்டர் இரண்டு நிபந்தனை வைத்தார். குழாயை ஒரே ஒரு முறைதான் கழற்றலாம், அதுவும் சிறிது நேரம். நான் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதனால் எனக்கும் நீளப் பாவாடையும் தலைக்குல்லாயும் மாட்டி, வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் நிறுத்தினார்கள். அவர்கள் கொடுத்த பூட்ஸ் என் கால் எலும்பைக் கடித்தது. என்னுடைய வேலைக் காலணியையே போட்டுக்கொண்டேன். வெள்ளை ரப்பர், பக்கத்தில் ஆரஞ்சுக் கோடு. "பாவாடை மறைச்சிரும்" என்றாள் உடை கொடுக்கிற பெண். நானும் நம்பினேன்.

எலிசியோவுக்குச் சாகக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

"வாயத் திறங்க. இன்னும். தாடை தொங்கணும்."

"ஈ பூந்துச்சுன்னா?"

"செத்தவருக்கு ஈயப் பத்திக் கவலை கெடையாது."

"நீ எத்தன பேரச் சாகடிச்சிருக்க, சார்ஜென்ட்டம்மா?"

"சாகடிக்கல. பக்கத்துல இருந்தேன்."

ஒத்திகையில் ஹாலி ஒரு பார்வைதான் பார்த்தாள். "ஐயோ, கொடூரமா இருக்கு. வாய மூடச் சொல்லுங்க." இத்தனை வருட அனுபவமும் அதோடு முடிந்தது.

படப்பிடிப்பு நாள். துப்பாக்கி வெடித்தது. எலிசியோ படியில் உட்கார்ந்து, சரிந்து, மண்ணில் கிடந்தார். கை விரிந்து கிடந்தது, மணிக்கட்டில் ஒன்றுமில்லை. நான் கையைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தேன். அது ஏறவில்லை, இறங்கவில்லை. உதடு நீலமாகத் தெரிந்தது. அது அவர்கள் பூசிய சாயம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பாவாடையை முட்டி வரை தூக்கிக்கொண்டு, கோழி துரத்துகிறவள் மாதிரி ஓடினேன். மண்டியிட்டு, கழுத்தில் விரல் வைத்து, வாயருகே கன்னத்தைக் கொண்டுபோனேன். உதடு அசையாமல் அவர் சொன்னார்:

"போ கிழவி. நான் செத்துட்டேன்."

ஒரு கண்ணைப் பாதி திறந்து என்னை முறைத்தார். கேமராவுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று உள்ளங்கையால் அந்தக் கண்ணை மூடினேன். பிறகு முட்டியில் கை ஊன்றி, முனகிக்கொண்டே எழுந்தேன்.

ஹாலி சின்னத் திரையில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "போதும். கெடச்சிருச்சு" என்றாள். எங்கள் மீது இரக்கப்படுகிறாள் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

"அம்பது வருஷம் காத்திருந்தேன். நீ வந்து அங்கயும் நர்ஸ் வேல பாத்துட்ட" என்றார் எலிசியோ. அதன் பிறகு மாத்திரைக்கும் கஞ்சிக்கும் தவிர என்னிடம் பேச்சில்லை. ஒரு நாள் ஹாலி தொலைபேசியில் அழைத்தபோது மட்டும், "போய்த் துணி எடுத்துட்டு வா" என்று என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார். துணி காயவே இல்லை.

அடுத்த ஆகஸ்டில் புதுப்படத்தைச் சுவரில் போட்டார்கள். எலிசியோவும் வந்தார். ஊரே திட்டத் தயாராக வந்திருந்தது. "பழசு மாதிரி வருமா?" என்று விளக்கு அணையும் முன்பே ஆரம்பித்துவிட்டார்கள்.

பழைய படத்தில், எலிசியோ விழுந்ததும் நாயகன் அவரைத் தாண்டிக் கால் வைத்துக் குடிக்கப் போவான். புதியதிலும் காலைத் தூக்கினான். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு கிழவி ஓடி வந்தாள். அக்காளோ, மனைவியோ, யாரும் சொல்லவில்லை. கன்னத்தோடு கன்னம் வைத்தாள். கண்ணை மூடிவிட்டாள். நாயகன் தூக்கிய காலைக் கீழே வைத்து, சுற்றிக்கொண்டு போனான்.

பெர்னிஸ் மூக்கை உறிஞ்சினாள். "பழசுல செத்தவனுக்கு யாருமே வரலல்ல?" என்றார் பின்னால் ஒருவர். "இதுதான்யா படம்." எனக்கு அழுகை வரவில்லை. என் பின்பக்கம் குளிர்சாதனப் பெட்டி அகலத்துக்குத் தெரிகிறதே என்ற கவலையில் இருந்தேன்.

அந்தக் கிழவி எழுந்தாள். பாவாடை முட்டியில் சிக்கி மேலேயே நின்றது. சுவர் முழுக்க வெள்ளை ரப்பர் காலணி, ஆரஞ்சுக் கோடு.

முதல் குரல் என் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது. அவரிடம் இருந்த மூச்சு மொத்தமும் அதில் போயிருக்கும்.

"எர்லிண்டா! என்ன சைஸு?"

ஊர் வெடித்தது. நாற்காலிகள் சாய்ந்தன. எலிசியோ சிரித்த சிரிப்பில் நான் ஆக்ஸிஜனைக் கூட்டி வைத்து முதுகைத் தேய்க்க வேண்டியிருந்தது.

"காலணியக் கம்ப்யூட்டர்ல அழிச்சிர்றேன்னு அன்னைக்கு ஃபோன்ல சொன்னா அந்தப் பொண்ணு. நான்தான் வேணாம்னேன்."

"ஏன் எலிசியோ?"

"நான் ஒருத்தனே எத்தன வருஷம் வாங்கிக் கட்டிக்கிறது?"

மறுநாள் காலை வேலைக்கு வரும் வழியில் பாதிரியார் என் காலணி அளவைக் கேட்டார். நாயைக் கூட்டிக்கொண்டு போனவர் கேட்டார். உள்ளே போனால் இழுப்பறை திறந்து கிடந்தது, மேசை மேல் கடிகாரம். எலிசியோ இடது கையை நீட்டினார்.

"கட்டி விடு."

கடைசி ஓட்டையில் போட்டும் வார் தொளதொளத்தது. ஊசியை அடுப்பில் காய்ச்சி இன்னொரு ஓட்டை போட்டேன். சாவி கொடுத்தார், ஓடியது. அடுப்பின் மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்து முள்ளைத் திருப்பி வைத்தார். நான் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, சிலிண்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவரை பெர்னிஸ் கடைக்குக் கூட்டிப் போனேன். அதே காலணியோடுதான் போனேன். என்னிடம் வேறு இல்லை.