பூரண சுகம்

கீரிப்பாறையில் செல்வதாஸ் அண்ணனைத் தெரியாதவர்கள் கிடையாது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மலையேறுவார். மரத்தைக் கத்தியால் கீறி, பால் வடியச் சிரட்டையை வைத்துவிட்டு, அடுத்த மரத்துக்குப் போவார். தன் மரங்களுக்கெல்லாம் வேதாகமப் பெயர் வைத்திருந்தார். ரொம்ப வருஷம் பால் தராமல் இருந்து பிறகு தந்த மரம், கிழவயதில் பிள்ளை பெற்ற சாராள். ஓடிப்போகப் பார்க்கிற மாதிரிச் சரிவில் சாய்ந்து நிற்கிற மரம், ஆண்டவருக்குத் தப்பி ஓடின யோனா. ஜெபக்கூட்டங்களில் பாட்டு எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். அவர் வீட்டுக்கு அடுத்த வீடு எங்கள் வீடு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலை முடிந்து சைக்கிளில் இறங்கி வரும்போது, வளைவில் மரத்தடி ஏற்றி வந்த ஒரு டெம்போ அவரை இடித்துத் தள்ளிவிட்டது. கை கால் ஒடியவில்லை. தலை மட்டும் ரோட்டில் அடித்தது. பல நாள் கண் திறக்காமல் கிடந்தார். சபை முழுக்க உபவாசம் இருந்தோம். ஆண்டவர் இரங்கினார். வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவர் சபையில் எழுந்து நின்று, கர்த்தர் எனக்குப் பூரண சுகம் தந்தார் என்று சாட்சி சொன்னார். அழாத ஆள் இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு பட்ட பாடு அவர் மனைவி நேசபாய்க்குத்தான் தெரியும். வேலைக்குத் திரும்பியவர் வெட்டின மரத்தையே திரும்பவும் வெட்டினார். சிரட்டை வைக்க மறந்து பால் முழுக்கத் தரையில் ஓடியது. தோட்டத்தில் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுப்பில் சோறு கரிந்தால் அவருக்கு மணம் தெரியாது. தனியாக விட்டுப் போக முடியாததால் நேசபாயும் முந்திரி ஆபீஸில் கொட்டை உடைக்கிற வேலையை விட்டாள். வெளியே பார்க்கிறவர்களுக்கோ அவர் பழைய ஆள்தான். டீக்கடை பேபி எல்லாருக்கும் கேட்கும்படி, "தலையில ஒரு தையலுக்க தடம் இல்ல. கேஸு மட்டும் உண்டு" என்று சிரிப்பான். நேசபாய் கேட்காததுபோல் நடந்துவிடுவாள்.

கேஸ் அந்த டெம்போவின் இன்சூரன்ஸ் கம்பெனி மேல். ஜெயித்தால் மருந்துக்கும் மகள் பிரீனாவின் படிப்புக்கும் வழி பிறக்கும். தோற்றால் ஒன்றுமில்லை. வக்கீல் பிரிஜா சின்னப் பெண், ஆனால் கெட்டிக்காரி. உங்கள் கணவருக்கு அடிபட்டது தலைக்குள்ளே, அதைக் கம்பெனிக்காரர்கள் நம்பமாட்டார்கள், அவரே வாயால் சொன்னால்தான் எடுபடும் என்று நேசபாயிடம் சொல்லியிருந்தாள்.

அங்கேதான் முட்டியது. விசாரணைக்கு முந்தின நாள் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னவென்று நேசபாய் கேட்டாள்.

"சபையில சுகம்னு சாட்சி சொல்லியாச்சு. கோர்ட்டுல போய் சுகமில்லன்னு சாட்சி சொன்னா, ரெண்டுல ஒண்ணு பொய்யாயிராதா?"

"ஆண்டவருக்கு எல்லாம் தெரியும். ஜட்ஜுக்குத் தெரியாண்டாமா? உள்ளதப் பறையுங்க, கேட்டியளா" என்றாள் அவள்.

மறுநாள் நாகர்கோவில் கோர்ட்டுக்கு நானும் துணைக்குப் போனேன். நீதிபதி ஒரு அம்மா, வெளி ஜில்லாக்காரர். கம்பெனி வக்கீல் முருகதாஸ் நரைத்த மனிதர், மெல்லப் பேசுகிறவர். அண்ணனைக் கூண்டில் ஏற்றினார்கள். கடவுள் பேரில் சத்தியம் செய்தபோது அவர் குரல் கணீரென்று இருந்தது. அதைக் கேட்டதுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. சபையில் எழுந்து நிற்கும்போது வருகிற அதே குரல்.

முருகதாஸ் சுற்றி வளைக்கவில்லை. நடக்க முடிகிறதா என்றார். முடியும் என்றார் அண்ணன். சாப்பிட முடிகிறதா என்றார். முடியும். பிறகு சிரித்த முகமாக, "இப்ப உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"கர்த்தருக்க கிருபையால பூரண சுகம்."

டைப் அடிக்கிற பெண்ணின் விரல்கள் படபடவென்று ஓடின. அவ்வளவுதான், மேற்கொண்டு கேள்வி இல்லை என்று முருகதாஸ் உட்கார்ந்துவிட்டார். பிரிஜாவின் முகம் வெளுத்துப் போனது. மூன்று வருஷப் பாடு ஒரே பதிலில் போய்விட்டதே. "இயேசுவே, இயேசுவே" என்று வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுபடி விசாரிக்க அனுமதி கேட்டுப் பிரிஜா எழுந்தாள். என்ன கேட்பதென்று அவளுக்கே தெரியவில்லை என்பது நிற்கிற நிலையில் தெரிந்தது. அப்போது பின்னால் இருந்த நேசபாய் எட்டி அவள் கறுப்புக் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"சுகத்தப் பத்திக் கேக்காதீங்க மேடம். ராத்திரி ஜெபத்துல என்ன கேப்பாருன்னு கேளுங்க."

பிரிஜா ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். பிறகு திரும்பி, "நீங்க ராத்திரி படுக்கும்போது என்ன ஜெபம் பண்ணுவீங்க?" என்றாள்.

முருகதாஸ் துள்ளி எழுந்தார். ஜெபமெல்லாம் கோர்ட்டில் சாட்சியமா என்று ஆட்சேபித்தார். நீதிபதி அம்மா, சாட்சி எதைச் சுகம் என்கிறார் என்று எனக்குத் தெரியவேண்டும், சொல்லட்டும் என்றார்.

அண்ணன் சொல்லவில்லை. கண்ணை மூடி, கையைக் கூப்பி, அந்தக் கூண்டிலேயே ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே. செத்தவன எழுப்பினீரே, ஸ்தோத்திரம். எனக்க மரங்களுக்க பேரு எல்லாம் போயிட்டு, அதத் திருப்பித் தாரும். வேல போனது மறந்து வெளுக்கதுக்கு முன்ன லைட்டக் கட்டிட்டு இறங்குதேன், வழி தெரியாம நிக்கேன், பிடிச்சு வீட்டுல கொண்டு விடும். பாட்டுல ரெண்டாவது சரணம் வரமாட்டேங்குது. பிள்ள சிரிச்சா தலைக்குள்ள இடி இடிக்குது ஆண்டவரே. அவளுக்க மேல கை ஓங்கிட்டேன், அந்தக் கையக் கெட்டிப் போடும். நேசபாய் என்னைய வெறுத்துப் போகாம காத்துக்கிடும். இயேசுவுக்க நாமத்துல கேக்கேன் பிதாவே, ஆமென்."

வாசலில் நின்ற போலீஸ்காரர் தன்னை அறியாமல் "ஆமென்" என்றார். நானும் சொல்லிவிட்டேன். நேசபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். டைப் அடிக்கிற பெண்ணிடம், நிறுத்தாதே, எல்லாவற்றையும் எழுது என்றார் நீதிபதி அம்மா. பிறகு அண்ணனிடமே கேட்டார்.

"அப்ப கடவுள் உங்களுக்கு முழு சுகம் கொடுத்துட்டார்னு சொன்னீங்களே?"

"உயிரு தந்தாரு. அது பூரணமாத் தந்தாரு" என்றார் அண்ணன். "மிச்சத்த இன்னும் தரல அம்மா. கேட்டுட்டு இருக்கேன்."

முருகதாஸ் தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

மழைக்காலம் முடிந்து தீர்ப்பு வந்தது. பிரிஜா போன் பண்ணியபோது நேசபாய் கிணற்றடியில் இருந்தாள். வாளியை அப்படியே போட்டுவிட்டு, ஈரக்கையோடு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கேட்டதில் பெரும்பங்கு கிடைத்துவிட்டதாம். வெளியே தெரியாத காயமும் காயம்தான், இவர் உயிர் பிழைத்தார், பிழைப்பை இழந்தார் என்று நீதிபதி அம்மா எழுதியிருக்கிறாராம். "நாங்க பறஞ்சத நம்பிட்டாவ" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ரெண்டு பேருமாக முழங்கால் போட்டோம்.

பிறகு அண்ணனிடம் போய்ச் சொன்னோம். கட்டிலிலிருந்து துள்ளி எழுந்து, நேசபாயின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, கேஸ் என்ன ஆச்சு என்று கேட்டார். அவள் மறுபடியும் சொன்னாள். மறுபடியும் துள்ளி எழுந்தார். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிரீனா வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்குத் தலை வலிக்காமல் இருக்க வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் திரும்பவும் கேட்டார். நேசபாய் சொன்னாள்.

"நெசமாடீ?" என்றார். முகமெல்லாம் வெளிச்சம்.

"நெசந்தான். இப்பிடி இரியுங்க, முதல்ல இருந்து பறையுதேன்" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.